டாக்னிக்கு விழுந்த அத்தியாயம்

உன் வாழ்க்கையில் எது நல்ல காலம் என்று டாக்னி ஓவர்கோரைக் கேட்டுப் பாருங்கள். கல்யாணமான புதிது என்று சொல்ல மாட்டாள். பிள்ளை பிறந்த வருஷம் என்றும் சொல்ல மாட்டாள். கணவன் எய்னரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு முதுகில் பை மாட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போன அந்த இரண்டு வருஷம்தான் என்பாள். எய்னருக்கு இதில் கோபமே கிடையாது. அந்த இரண்டு வருஷமும் சமையலறை முழுக்கத் தன் கையில் இருந்தது, தனக்கும் அதுதான் நல்ல காலம் என்பான்.

இப்போது அவளுக்கு எழுபது ஆகப்போகிறது. இன்றும் ரயில் லிம்ஃபியோர்டு கடற்கழிப் பாலத்தில் ஏறும்போது, யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் சரி, டாக்னி ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் அவள் படித்த ஊர். வேலைக்குப் போகிறவர்களுக்கென்று வைத்திருந்த படிப்பு அது. பொதுக்கொள்கையும் மனிதவள மேலாண்மையும், முதுகலை. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும் என்று கர்டா கேலி செய்வாள். அந்தக் கர்டாவைப் பற்றிச் சொல்லாமல் டாக்னியின் கதையைச் சொல்லவே முடியாது.

டாக்னி பிறந்தது வட யூட்லாந்தில் ஒரு பால்பண்ணை வீட்டில். பண்ணை அண்ணனுக்கு என்று பிறக்கும்போதே முடிவாகிவிட்டது. ஆபீஸ் வேலை நல்ல வேலை, அங்கே உள்ளே மழை பெய்யாது என்று சொல்லி, அப்பா அவளைப் பதினேழு வயதில் ஸ்டெனுப் நகராட்சியில் பயிற்சி எழுத்தராகச் சேர்த்துவிட்டார். அங்கே பணியாளர் பிரிவில் கர்டா ஏற்கெனவே இருந்தாள். ஆறு வயது மூத்தவள். நெடுநெடுவென்று இருப்பாள். சிரிப்பை உதட்டுக்குள்ளேயே வைத்திருப்பாள். முதல் நாளே டாக்னிக்கு ஜன்னலோரம், குளிர்காற்று அடிக்கிற நாற்காலியைத் தந்துவிட்டு, தாக்குப்பிடித்தால் நல்ல நாற்காலி பிறகு வரும் என்றாள். அது வரவே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் டாக்னி அதிலேயேதான் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு லிஸ்பெத் வந்து சேர்ந்தாள். மூன்று பெண்கள், ஒரு அறை, ஒரு காபி ஃபிளாஸ்க். கர்டா கையில் சம்பளமும் விடுப்பும் பணி நியமனமும். லிஸ்பெத் கையில் விளம்பரமும் நேர்காணலும். உடம்பு சரியில்லாதவர்கள், சண்டை போட்டுக்கொண்டவர்கள், வேலை போகிறவர்கள் எல்லாரும் டாக்னியின் தலையில். ஊரில் நகராட்சிச் சம்பளம் வராத வீடு குறைவு. மழலையர் பள்ளி ஆசிரியை, பூங்காக்காரன், பனி வாருகிறவன், முதியவர்களின் வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டிவிடுகிற பெண்கள் என்று எல்லார் வீட்டு நல்லது கெட்டதும் அந்த அறைக்கு வந்து சேரும். இன்னாருடைய முழங்கால் எப்படி இருக்கிறது, இன்னாருடைய புருஷன் குடிக்கிறானா, யாருக்குக் காலை வேளைப் பணி தோதுப்படும் என்பதெல்லாம் கர்டாவுக்கு அத்துப்படி. அந்த அறையைப் பற்றி டாக்னிக்குப் பெருமை உண்டு. பெருமை என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது, அதுதான் அவளுக்கு உலகம்.

அப்புறம் சின்ன நகராட்சிகளைச் சேர்த்துப் பெரிதாக்குகிற அலை நாடு முழுக்க அடித்தது. ஸ்டெனுப்பையும் பக்கத்து ஊர்கள் மூன்றையும் ஒன்றாக்கி, தலைமை அலுவலகத்தை அவற்றில் ஒன்றான பிரோனும் என்ற ஊரில் வைத்தார்கள். கார்ஸ்டன் என்று ஒரு புது இயக்குநர் வந்தான். நல்ல மனிதன்தான், ஆனால் எதையும் படம் போட்டுக் காட்டினால்தான் அவனுக்குப் புரியும். நான்கு ஊரிலும் நான்கு பணியாளர் பிரிவு எதற்கு என்று முதல் கூட்டத்திலேயே கேட்டுவைத்தான். பெரிய பதவிக்கு வருகிறவர்கள் முதுகலை படித்திருந்தால் நல்லது என்றும் சொன்னான். அன்று மூன்று பெண்களும் ஸ்டெனுப்புக்குத் திரும்பியதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

யோசனை கர்டாவுடையது. கறுப்பு ரொட்டியில் ஈரல் விழுதைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"நம்மள்ல ஒருத்தி மேல போய் உக்காந்தாத்தான் இந்த ரூம் தப்பிக்கும். எனக்கு வயசாச்சு. லிஸ்பெத்துக்குச் சின்னப் பசங்க. நீதான் போகணும்."

"அந்த இங்கிலீஷ் புஸ்தகமெல்லாம் எனக்கு ஏறாது கர்டா."

"ஏறும். உன் வேலையை நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கறோம். நீ அகராதியைக் கையில எடு."

அப்படித்தான் டாக்னி படிக்கப் போனாள். பாதிக் கட்டணம் நகராட்சி கட்டியது. வகுப்புள்ள வியாழனும் வெள்ளியும் அவளுடைய வேலையைக் கர்டாவும் லிஸ்பெத்தும் முணுமுணுக்காமல் இழுத்துப் போட்டுச் செய்தார்கள்.

முதல் வகுப்பை டாக்னி இன்றைக்கும் நேற்று நடந்ததுபோலச் சொல்வாள். பேராசிரியை உள்ளே வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு கேள்வி கேட்டாள். தலைநகரில் எழுதுகிற விதி ஒன்று, கடைசியில் ஒரு கிழவியின் குளியலறைக்குள் எப்படிப் போய்ச் சேருகிறது? முதியவர்களைக் குளிப்பாட்ட இவ்வளவு நேரம் என்று அமைச்சகத்தில் ஒருவர் எழுதுகிறார். அதை நகராட்சி வாங்கி வேலைநேரமாக மாற்றுகிறது. பணியாளர் பிரிவு அந்த வேலைநேரத்துக்கு ஆள் பிடிக்கிறது. கடைசியில் ஒரு பெண் சோப்பும் கையுமாக நின்று, கிழவி இன்று தலைக்கு ஊற்ற வேண்டும் என்கிறாளே, நேரம் இல்லையே என்று திகைக்கிறாள். டாக்னிக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. இத்தனை வருஷம் தான் பார்த்தது சில்லறை வேலை என்று நினைத்திருந்தாள். ஒரு அரசாங்கம் தன் மக்களைத் தொடுகிற இடத்தில் அல்லவா தன் நாற்காலி கிடந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. பன்றி இறைச்சியைப் பொரித்துக்கொண்டே படித்தாள். குளித்துக்கொண்டே யோசித்தாள். ஊக்கத்தொகை கொடுத்தால் மனிதர்கள் நிஜமாகவே கூடுதலாக உழைப்பார்களா என்று எய்னரிடம் கேட்டாள். பால்வண்டி ஓட்டுகிற எய்னர் வெகுநேரம் யோசித்துவிட்டு, பசுவுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றான். தூக்கத்திலும் அவள் இங்கிலீஷ் பேசுகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தான்.

பல்கலைக்கழகத்தில் எதையும் குழுவாகத்தான் செய்ய வேண்டும். மூன்று பேர், நான்கு பேர் சேர்ந்து ஒரு ஆய்வேடு எழுதுவார்கள். டாக்னியின் குழுவில் ஹோல்கர், சிசெல் என்று இரண்டு பேர். ஹோல்கர் முன்னாள் பஸ் டிரைவர், இப்போது பணிமனையில் மேலாளர். கனத்த குரல்காரன். அவன் ரகசியம் பேசினாலும் பக்கத்து அறைக்குக் கேட்கும். சிசெல் முப்பதுகூட ஆகாத பெண். மாகாண அலுவலகத்தில் வேலை. எதைப் பேசினாலும் முதலில் அடிக்குறிப்பிலிருந்து ஆரம்பிப்பாள்.

பஸ் பணிமனையின் கேன்டீன்தான் அவர்களுக்குப் படிக்கும் இடம். டீசல் வாசனை, ஈர மேல்கோட்டுகள், வெளியே பஸ்கள் பெருமூச்சு விடுகிற சத்தம். கேக் கொண்டுவருவது முறை வைத்து. டாக்னி ருபார்ப் கேக் கொண்டுவருவாள். ஹோல்கர் தவறாமல் பேக்கரிக் கடையில் வாங்கி வந்து, தானே செய்ததாகச் சாதிப்பான். பொண்ணே, நீ புஸ்தகத்தைச் சாப்பிடறவ, உனக்குக் கேக் எதுக்கு என்று சிசெலைச் சீண்டுவான். அவள் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொள்வாள். அந்தச் சிரிப்பும் சண்டையும் நினைவுக்கு வந்தால் டாக்னிக்கு இப்போதும் மனசு ஏங்கும். அத்தனை கூர்மையாக அவள் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

ஆய்வேட்டுக்கான தலைப்பைச் சொன்னது டாக்னிதான். ஒன்றான நகராட்சியில் ஊருக்கு ஒரு பணியாளர் பிரிவு இருப்பது நல்லதா, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பது நல்லதா? அவளுக்கு விடை முன்பே தெரியும். ஸ்டெனுப் அறை போல ஒன்று ஊருக்கு ஊர் வேண்டும். அதை ஆய்வாகவே எழுதி கார்ஸ்டனின் மேஜையில் வைத்துவிட்டால் அவன் வாய் தானாக மூடிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டாள். இந்தக் கணக்கைக் கேட்டு கர்டா சந்தோஷத்தில் இரண்டு நாள் விசிலடித்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் நான்கு ஊருக்கும் போய் முதியோர் பராமரிப்புப் பெண்களிடம் பேசினார்கள். ஸ்டெனுப்பில் பேட்டி எடுத்தது ஹோல்கரும் சிசெலும். டாக்னி எடுத்தால் உண்மை வராது என்று சிசெல் சொன்னதும் அவளுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் ஒத்துக்கொண்டாள்.

உண்மை வந்தது. சமிரா என்று ஒரு பெண், போஸ்னியாவிலிருந்து போர் சமயத்தில் வந்தவள். ஸ்டெனுப்பில் பல வருஷமாக முதியவர்களைக் குளிப்பாட்டுகிறாள். நல்ல வேலைக்காரி என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் அவளுக்கு ஒவ்வொரு தடவையும் தற்காலிக வேலைதான், அதுவும் மாலை வேளையில். அவளுக்குப் பிறகு சேர்ந்த ஊர்ப் பெண்கள் வரிசையாக நிரந்தரமானார்கள், காலை வேளையும் வாங்கினார்கள். இது சமிராவுக்கு மட்டும் நடந்ததில்லை. வெளியூரிலிருந்து வந்த எல்லார் கதையும் அப்படித்தான். நான்கு ஊரிலும் அதே கதை. யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. இன்னார் மகளுக்குக் காலை வேளை தோதுப்படும் என்று கர்டாவுக்குத் தெரியும். சமிராவுக்கும் இரண்டு குழந்தைகள் உண்டு என்பது அவளுக்குத் தெரியாது. டாக்னிக்கும் தெரியாது. எல்லாரையும் தெரிந்த அறையில், தெரியாதவளுக்கு இடம் இல்லாமல் போயிருந்தது.

டாக்னி சில வாரம் சண்டை போட்டாள். பேட்டி போதாது என்றாள், கேள்வி தப்பு என்றாள். கேக் முறையையே மறந்து வெறுங்கையோடு வந்தாள். கடைசியில் ஹோல்கர், அவன் வழக்கத்துக்கு விரோதமாக, மெல்லிய குரலில் சொன்னான்.

"டாக்னி, கண்ணால பாத்ததை இல்லன்னு எழுதணும்னா, நாம படிக்கவே வந்திருக்க வேணாமே."

அவர்கள் பழக்கத்தில் ஓட்டெடுப்பெல்லாம் கிடையாது. மறுப்பு தீர்கிறவரை காபி குடிப்பார்கள். அன்று மூன்று ஃபிளாஸ்க் காலியாயிற்று. டாக்னியின் மறுப்பும் தீர்ந்தது. ஐந்தாவது அத்தியாயம் எழுதினார்கள். நான்கு பிரிவையும் மூடி ஒன்றாக்க வேண்டும், யாருடைய முகமும் தெரியாத இடத்தில், ஒரே விதிப்படி வேலை பிரிக்க வேண்டும் என்று. மூன்று பேரும் ஒரே கணினி முன்னால் நெருக்கி உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று வாயால் சொல்லி எழுதியது அது. எந்தச் சொல் யாருடையது என்று கேட்டால் கடவுளுக்கே தெரியாது. கர்டாவிடம் டாக்னி வாயைத் திறக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறோம், எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று மென்று முழுங்கினாள்.

குழுவாக எழுதியவர்கள் குழுவாகவே தேர்வுக்கும் போவதுதான் காலங்காலமாக வழக்கம். அதை அரசாங்கம் அப்போதுதான் நிறுத்தியிருந்தது. இனி ஒவ்வொருவரும் தனியாகப் போக வேண்டும். எந்த அத்தியாயத்துக்கு யார் பொறுப்பு என்றும் ஆய்வேட்டில் போட வேண்டும். மூன்று பேருக்கும் ஆத்திரம் பொங்கியது. பொதுக்கொள்கை படிக்கிறவர்கள் தலையிலேயே பொதுக்கொள்கை வந்து விழுந்ததே என்று ஹோல்கர் மேஜையைத் தட்டினான். சட்டம் சட்டம்தான், பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் எப்படிப் பிரிப்பது? அவரவர் விரும்பியதை எடுத்துக்கொள்வது நியாயமில்லை, ஒருவர் முந்திக்கொள்வார். நன்றாகப் பேசுகிறவருக்குக் கஷ்டமானதைக் கொடுப்பதும் நியாயமில்லை, அவர் மேல் சுமை ஏறும். மனிதர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பது எப்படி என்று இரண்டு வருஷம் படித்த மூன்று பேர், கடைசியில் எல்லாருக்கும் சமம் என்று சீட்டு எழுதி ஹோல்கரின் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கினார்கள். இப்படி ஒரு கூத்து அந்த நாட்டில்தான் நடக்கும்.

ஐந்தாம் அத்தியாயம் டாக்னிக்கு விழுந்தது.

சிசெலின் முகம் வெளுத்துவிட்டது. ஹோல்கர் தன் சீட்டை மேஜையில் தள்ளி, மாற்றிக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றான். டாக்னி ஒத்துக்கொள்ளவில்லை. குலுக்கினால் குலுக்கினதுதான், மாற்றினால் பிறகு எதற்குக் குலுக்கினோம் என்றாள். அசட்டுப் பிடிவாதம்தான். மாற்றிக்கொண்டிருந்தால் அவள் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் பிடிவாதம் இல்லாத டாக்னி டாக்னியே இல்லை.

தேர்வு ஜூன் மாதத்தில் வந்தது. அறைக்குள் பச்சைத் துணி விரித்த மேஜை. அதற்குப் பின்னால் பேராசிரியையும், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவரும். அவர் வேறொரு நகராட்சியில் வெகுகாலம் நிர்வாகம் பார்த்த மனிதர், தலை முழுக்க வெள்ளை. டாக்னி தயாராகத்தான் போனாள். கொஞ்சநேரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு அவர் ஆய்வேட்டை மூடிவைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல ஒரு ஆபீஸ் உன்னோடது. அதையும் மூடணும்னு எழுதியிருக்கே. மனசாரத்தான் சொல்றியா, இல்ல ஆய்வுக்காக எழுதினதா?"

தப்பிக்க வழி இருந்தது. பெரிய ஊர்களுக்குத்தான் பொருந்தும், ஸ்டெனுப் மாதிரி இடத்துக்கு இன்னும் ஆராய வேண்டும் என்று இழுத்திருக்கலாம். அதற்காக அவளை யாரும் தேர்வில் தோற்கடித்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்த ஆய்வேட்டின் ஒரு பிரதி கார்ஸ்டனுக்குப் போகும், கட்டணம் கட்டியவனுக்கு அது உரிமை. மதிப்பெண்ணையும் அவன் பார்ப்பான். இங்கே அவள் கொஞ்சம் நழுவினால் அந்த அத்தியாயமே நழுவும். அறை பிழைக்கும். கர்டா பிழைப்பாள். அதற்காகத்தானே அவளை அனுப்பினார்கள்?

டாக்னி தண்ணீர் குடித்தாள்.

"மனசாரத்தான் சொல்றேன். எங்க ரூம்ல எல்லாரும் நல்லவங்க. அதை நம்பித்தான் நாங்க யாரையும் கணக்குப் பாக்கல. சமிரான்னு ஒருத்தி இத்தனை வருஷம் எங்க கண்ணு முன்னாடி இருந்தா, எங்களுக்குத் தெரியல. நாங்க நல்லவங்களா இருந்தது அவளுக்கு ஒத்தாசையா இல்ல."

அதற்குப் பிறகு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, பேச்சு அவளிடம் ஆறாகப் பாய்ந்தது. கொள்கை என்பதே நமக்குத் தெரியாதவர்களுக்காகத்தான் என்றாள். தெரிந்தவர்களுக்குக் கொள்கை எதற்கு, தெரிந்திருப்பதே போதும் என்றாள். அவளைப் பக்கத்து அறையில் காக்கவைத்து, திரும்பக் கூப்பிட்டு, பன்னிரண்டு என்றார்கள். அதற்கு மேல் மதிப்பெண் அந்த நாட்டில் கிடையாது. வெள்ளைத் தலைக்காரர் எழுந்து நின்று கை கொடுத்தார். டாக்னிக்கு ஒரே நேரத்தில் பறக்க வேண்டும்போலவும் இருந்தது, எங்காவது ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

கதவைத் திறந்தால் கொடிகள். தேர்வு முடிந்து வருகிறவர்களுக்காக வீட்டாரும் சினேகிதர்களும் சின்னச் சின்னக் காகிதக் கொடிகளோடு வாசலில் நிற்பார்கள், அது அங்கே வழக்கம். எய்னர் சட்டைக்கு டை கட்டிக்கொண்டு நின்றான். லிஸ்பெத் ஸ்ட்ராபெரியும் ஒயினும் கொண்டுவந்திருந்தாள். வேலை நாளில் அந்த அறையைப் பூட்டியதே இல்லாத கர்டா, அன்று பூட்டிவிட்டு வந்திருந்தாள். இரண்டு கையிலும் கொடி. உதட்டுக்குள்ளேயே இருக்கும் அந்தச் சிரிப்பு அன்று முகம் முழுக்கப் பரவியிருந்தது. ஹுர்ரே ஹுர்ரே என்று மூன்று பேரும் தாழ்வாரம் அதிரக் கத்தினார்கள். தான் யாருக்காகப் படிக்கப் போனாளோ அவர்கள் கொடி ஆட்டுவதைப் பார்த்தபடி, அவர்களுடைய வேலையைத் தன் வாயாலேயே இல்லாமல் ஆக்கிவிட்டு வந்து நின்றாள் டாக்னி. கொடுத்த ஒயினை வாங்கி அப்படியே ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டாள்.

திரும்பும்போது எய்னர்தான் கார் ஓட்டினான். பின்சீட்டில் கர்டாவுக்கும் லிஸ்பெத்துக்கும் நடுவில் டாக்னி. ஊர் நெருங்குவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், சமிரா, சீட்டு, அத்தியாயம், தான் பேசிய பேச்சு எல்லாம். லிஸ்பெத் அழ ஆரம்பித்தாள். கர்டா வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வயலிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"நல்லாப் பேசினியா?"

"பன்னெண்டு குடுத்தாங்க."

"அப்போ நம்ம கதை முடிஞ்சுது." டாக்னி பக்கம் திரும்பினாள். "அந்தப் பொண்ணுக்கு ரெண்டு குழந்தைங்களா? யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி."

அன்று இரவு விருந்து வைப்பதாக இருந்தது. அது நடக்கவில்லை. எய்னர் ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டான்.

கார்ஸ்டன் ஆய்வேட்டை வாசித்தான். சிசெல் அதில் படங்கள் போட்டிருந்தாள், அதனால் அவனுக்குப் புரிந்தது. இலையுதிர் காலத்தில் நகராட்சி மன்றம் முடிவெடுத்தது. நான்கு பிரிவும் மூடப்படும், பிரோனுமில் ஒரே பிரிவு, அதற்குத் தலைவி டாக்னி. வேண்டாம் என்று எழுதப் போனவளின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கியவள் கர்டாதான். நீ போகாவிட்டால் எங்கிருந்தோ ஒருவன் வருவான், அவன் அந்த அத்தியாயத்தைப் பிரிவுகளை மூடுவதற்கு மட்டும்தான் பயன்படுத்துவான், சமிராவுக்காக அதைப் பயன்படுத்தத் தெரிந்தவள் நீ ஒருத்திதான் என்றாள். அது உண்மையாயிற்று. அடுத்த வருஷமே சமிரா நிரந்தரமானாள், காலை வேளையும் கிடைத்தது. லிஸ்பெத்துக்குப் பள்ளி ஒன்றில் செயலாளர் வேலை அமைந்தது. கர்டாவுக்குத்தான் எங்கும் இடம் இல்லை. ஓய்வுக்கு ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் பாக்கி இருந்தது. புதுப் பிரிவில் அவளுக்கு ஒரு நாற்காலி போட டாக்னி முட்டி மோதிப் பார்த்தாள். கார்ஸ்டன் அத்தியாயத்தைத் திறந்து காட்டினான். தெரிந்தவர் என்று யாருக்கும் இடம் கொடுக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது.

வேலையை விட்டு அனுப்புகிற பேச்சு என்று ஒன்று உண்டு. அதற்கு வருகிறவர் துணைக்கு ஒருவரை அழைத்துவரலாம், அது உரிமை. தொழிற்சங்கத்து ஆளாகவும் இருக்கலாம், கணவனாகவும் இருக்கலாம், சினேகிதியாகவும் இருக்கலாம். அழுகை வந்தால் தண்ணீர் எடுத்துக் கொடுக்க, கேட்டதில் பாதி மறந்துபோனால் பிறகு எடுத்துச் சொல்ல. பேச்சை நடத்த வேண்டியது பிரிவுத் தலைவி, கூடவே இயக்குநரும் இருக்க வேண்டும்.

கர்டா நவம்பர் மாதத்து மழையில், நல்ல நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு பிரோனுமுக்கு வந்தாள். தனியாக வந்தாள். மேஜைக்கு ஒரு பக்கம் கார்ஸ்டனும் டாக்னியும். எதிர்ப்பக்கம் இரண்டு நாற்காலி. ஒன்றில் கர்டா உட்கார்ந்தாள், இன்னொன்று காலி. கார்ஸ்டன் மரியாதையாகத்தான் கேட்டான், துணைக்கு யாரையும் அழைத்துவரவில்லையா, வேண்டுமானால் வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாமே என்று.

"அழைச்சிட்டு வரணும்னு இல்ல, இங்கயே இருக்கா," என்றாள் கர்டா. "முப்பது வருஷத்துக்கு மேல எனக்குத் துணை அவதான். இப்போ உன் பக்கத்துல உக்காந்திருக்கா."

டாக்னி எழுந்தாள். தன் முன்னால் இருந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றிப் போய், கர்டாவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உன் பணி இன்னின்ன தேதியோடு முடிகிறது என்று அங்கே உட்கார்ந்துதான் வாசித்தாள், தோள் தோளில் பட. பாதியில் குரல் உள்ளே போய்விட்டது. கர்டா ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றி அவளிடம் நீட்டினாள்.

"குடிச்சிட்டுப் படி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."